மூத்த மகனின் ஆட்டம்

சீஃப் கெலானிக்கு ஒகேலேவோ ஊரில் இன்னொரு பெயர் ஜெனரேட்டர். சத்தம் போடும், புகை விடும், ஆனாலும் அது இல்லாமல் யாருக்கும் பொழுது போகாது. இதுவரை ஐந்து கட்சி மாறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வெள்ளைக் குதிரையில் ஏறித்தான் புதுக் கட்சி ஆபீசுக்குப் போனார். குதிரை அதேதான், கட்சிதான் வேறு. அமைச்சராக இருந்த காலத்தில் அவர் திறந்து வைத்த ஆஸ்பத்திரியில் இன்றுவரை டாக்டர் கிடையாது. வாசலில் அவருடைய சிலை மட்டும் உண்டு. அவரைத் திட்டாத நாள் பாதி ஊருக்கு விடியாது. ஆனால் அவர் பேச வருகிறார் என்றால் அந்தப் பாதிதான் கடையைச் சாத்திவிட்டு ஓடிப்போய் முன்வரிசையில் உட்காரும்.

இப்போது அவரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. கவர்னர் கட்டிய பாலம் ஒன்று பாதி ஆற்றோடு நின்றுபோயிருந்தது. கெலானி போன மாதம் மேளதாளத்தோடு அதன் மேல் ஏறி, தானே ரிப்பன் வெட்டி, அதற்குக் ‘கவர்னரின் நாக்கு’ என்று பெயர் சூட்டினார். “நீளம் ரொம்ப உண்டு, போய்ச் சேரும் இடம் இல்லை” என்று ஒரு பாட்டும் பாடினார். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதைப் பாடித் திரிந்தார்கள். கவர்னருக்குச் சுருக்கென்றது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு, கையோடு வாரண்ட். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை கோர்ட் திறந்ததும் வாரண்டை நிறுத்திவிடலாம், அதுவரை கண்ணில் படாமல் இருங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து கெலானியின் அம்மா கண்ணை மூடினாள். தொண்ணூற்று மூன்று வயது. சனிக்கிழமை அடக்கம் என்று குடும்பம் முடிவு செய்தது.

எங்கள் பக்கத்தில் இத்தனை வயது வாழ்ந்தவளை அழுது அனுப்ப மாட்டோம், ஆடித்தான் அனுப்புவோம். விருந்தின்போது மேளக்காரர் பேச்சைப் போலவே ஒலிக்கும் மேளத்தில் அந்த வீட்டுப் புகழைத் தட்டுவார். மூத்த மகன் முதலில் எழுந்து ஆட வேண்டும். அவன் கால் எடுத்து வைத்த பிறகுதான் மற்ற சொந்தம் எழுந்திருக்கலாம். அவன் ஆடாவிட்டால் தாய் பாதி வழியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள் என்பார்கள்.

கெலானியின் அக்கா மொரேனிகே சந்தையில் லேஸ் துணி விற்பவள். தம்பி ஆடவும் வேண்டும், பிடிபடவும் கூடாது என்று அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. போன தடவை உள்ளே போனவன் மூன்று மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பினான். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வழக்கமாக இந்த மாதிரி விருந்துக்கு உடுத்திவரக் குடும்பத்துக்கு ஒரு துணி, நண்பர்களுக்கு ஒரு துணி, சம்பந்தி வீட்டுக்கு ஒரு துணி என்று பிரித்துக் கொடுப்பார்கள். அவள் வந்தவர் எல்லோருக்கும் ஒரே பச்சை லேசைக் கொடுத்தாள். ஆண்களுக்கு ஒரே மாதிரி தொளதொள அங்கி, ஒரே மாதிரி தொப்பி.

“மீசையை எடுடா” என்றாள் தம்பியிடம்.

“அக்கா, இது சாதாரண மீசையா? போஸ்டர்ல பாதி இடம் இதுக்குத்தான்.”

“மீசை வளரும். எடு.”

எடுத்தான். லாகோஸ் சம்பந்திகளின் மேஜையில் கடைசி நாற்காலியில் அவனை உட்கார வைத்து, கையில் ஒரு தட்டு ஜொல்லோஃப் சோற்றைக் கொடுத்தாள். “வாயைத் திறந்தா சோறு போறதுக்கு மட்டும்தான் திறக்கணும். பேச இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பந்தலில் பச்சைக் கடல். இன்ஸ்பெக்டர் அகிண்டே நான்கு போலீஸ்காரர்களோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கே பார்த்தாலும் ஒரே அங்கி, ஒரே தொப்பி. மொரேனிகே சிரித்த முகத்தோடு எதிரே போனாள்.

“வாங்க இன்ஸ்பெக்டர், உட்காருங்க. ஆட்டுக்கறி சூடா இருக்கு.”

“உங்க தம்பி எங்கம்மா?”

“அதை நீங்கதானே சொல்லணும்? தேடுறது நீங்க.”

அகிண்டே சிரித்தார். அவரும் இந்தப் பக்கத்து ஆள், ஏமாளி இல்லை. ஒரு தட்டு கறியை வாங்கிக்கொண்டு நேராக மேளக்காரர் அயன்லேரேயிடம் போனார்.

“வீட்டுப் புகழைத் தட்டுங்க பெரியவரே. நிறுத்தாம தட்டுங்க.”

அயன்லேரே மொரேனிகேயைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். “தட்டாம இருந்தா இது சாவு விருந்தாம்மா?” என்று முனகிவிட்டு அவர் மேளத்தை அக்குளில் இடுக்கினார்.

மேளம் பேசத் தொடங்கியது. ஆற்றைக் கேட்காமல் ஆற்றைக் கடந்தவன் வீட்டுப் பிள்ளையே, வெள்ளி வளை குலுங்கச் சந்தைக்குப் போனவள் வயிற்றுப் பிள்ளையே, எழுந்திரு, உன் அம்மா கிளம்பிவிட்டாள்.

யாரும் அசையவில்லை. மூத்த மகன் எழாமல் எப்படி எழுவார்கள்? அகிண்டே எலும்பைச் சவைத்தபடி ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கணக்கு மொரேனிகேவுக்கு இப்போதுதான் புரிந்தது. முதலில் எழுகிறவன் எவனோ, அவன்தான் கெலானி.

அவள் கடைசி மேஜையைப் பார்த்தாள். தம்பி தலையைக் குனிந்திருந்தான். ஆனால் தோள் சும்மா இருக்கவில்லை. முதலில் இடது தோள், பிறகு வலது. மேஜைக்கடியில் கால் தாளம் போட்டது. கரண்டி தட்டில் டிங் டிங் என்று அடித்தது. பக்கத்தில் இருந்த சம்பந்தி அம்மாள் அவன் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு அடி விழுந்தால் எழுந்துவிடுவான்.

மொரேனிகே முந்தினாள். அறுபத்தெட்டு வயதில் யாரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தாள். கைகளை விரித்து, இடுப்பைத் தாழ்த்தி, பந்தலின் நடுவே வந்து ஆடத் தொடங்கினாள்.

பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள். “மகள் முந்துறதா? என்ன அநியாயம் இது!” என்று யாரோ கத்தினார்கள்.

“இது என் வீட்டுப் புகழும்தான்!” என்றாள் அவள் ஆடிக்கொண்டே. “ஆற்றைக் கடந்தவன் எனக்கும் தாத்தாதான். வாங்கடா எல்லாரும்!”

தங்கைகள் எழுந்தார்கள், சித்தப்பா பிள்ளைகள் எழுந்தார்கள், அத்தை பேரன்கள் எழுந்தார்கள். நொடியில் இருநூறு பச்சை அங்கிகள் சுழன்றன. அகிண்டே எக்கி எக்கிப் பார்த்தார். எவன் கெலானி, எவன் கெலானி இல்லை? ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சுழலுக்குள் தம்பியும் இருந்தான். கண்ணீர் வழிய, வாயை இறுக மூடிக்கொண்டு, அம்மாவுக்காக ஆடினான். மொரேனிகே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆடியாயிற்று, பிடிபடவும் இல்லை.

மேளம் ஓய்ந்தது. எல்லோரும் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார்கள். அகிண்டே கை துடைத்துக்கொண்டார். “சரிம்மா. இங்க இல்லைன்னு எழுதிடறேன்” என்று ஜீப்பை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் கம்பை ஊன்றி எழுந்து நின்றார் கெலானியின் சித்தப்பா. ஊரிலேயே மூத்த கிழவர், குரல் மட்டும் இன்னும் இளமை.

“பெரியவன் வரலை” என்றார் ஊருக்கே கேட்கும்படி. “இவ ஆடினா போதுமா? பாலத்து மேல ஏறி ஆடத் தெரிஞ்சவனுக்குப் பெத்தவளுக்காக ஆடத் தெரியலை. பயந்தாங்கொள்ளி. என் அண்ணி அவனைப் பெத்ததே வீண்.”

 மொரேனிகே ஓட்டமாகக் கடைசி மேஜைக்குப் போனாள். கெலானி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

“உட்காருடா. நீ ஆடினதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்திருப்பா, போதும்.”

“இருநூறு பேர்ல நான் யாருன்னு அம்மாவுக்கு எப்படிக்கா தெரியும்? மீசைகூட இல்ல.”

“திங்கட்கிழமை வரைக்கும்டா. ரெண்டே நாள். என் தலையில அடிச்சுக்கிறேன், உட்காரு.”

“திங்கட்கிழமை அம்மா போயிருப்பாக்கா.”

அவள் பிடித்த அங்கி கையிலேயே தங்கிவிட்டது. அதைக் கழற்றி விட்டுவிட்டு அவன் போய்விட்டான். தொப்பியைத் தூக்கி எறிந்தான். பந்தலின் நடுவே போய்க் கைகளை உயர்த்தினான்.

“சித்தப்பா! உங்க அண்ணி பெத்தவன் இங்கதான் இருக்கான்! அயன்லேரே, தட்டுய்யா!”

கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்த அகிண்டே திரும்பினார். விலங்கை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தார். கெலானி கைகளை நீட்டினான்.

“ஒரு பாட்டு, இன்ஸ்பெக்டர். ஒரே ஒரு பாட்டு.”

 “நானும் எங்க வீட்டுல மூத்தவன்தான் சீஃப். ஆடுங்க” என்று சொல்லி அகிண்டே விலங்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கெலானி ஆடினான். மேடையில் ஆடுகிற ஆட்டம் இல்லை அது. கால் இடறியது, மூக்கு ஒழுகியது, அம்மா அம்மா என்று வாய்விட்டு அழுதான். நடு நடுவே பழக்க தோஷத்தில், படம் பிடித்த செல்போன்களைப் பார்த்துக் கையும் அசைத்தான். எல்லாம் தெரிந்த ஊர், எல்லாவற்றையும் சேர்த்தே ரசித்தது. மொரேனிகேவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கிட்டே போனவள், ஆடுகிறவரைப் பாராட்டும் வழக்கப்படி நைரா நோட்டுகளை எடுத்து வியர்த்த நெற்றியில் ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

“முட்டாப்பய மவனே” என்றாள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும். “நல்லா குனிஞ்சு ஆடுடா.”

பாட்டு முடியும்போது அவன் ஆடிக்கொண்டே ஜீப் வரைக்கும் வந்திருந்தான். விலங்கு மாட்டியதும் ஏறினான். மொரேனிகே பின்னாலேயே ஓடி ஒரு பெரிய தூக்கு நிறையச் சோறும் கறியும் உள்ளே வைத்தாள். ஜீப் நகர்ந்தது. உள்ளேயிருந்து பாலத்துப் பாட்டு கேட்டது. அதற்குக் கைதட்டும் சத்தமும் கேட்டது. உள்ளே போலீஸ்காரர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று சித்தப்பாவிடம் திரும்பினாள்.

“பார்த்தீங்களா சித்தப்பா? யார் பெத்த பிள்ளைன்னு இப்ப பார்த்தீங்களா?”

 கிழவர் கம்பை நாற்காலியில் சாத்திவிட்டு எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்.