நாற்பது சட்டையும் ஒரு மெடிக்கலும்

அருளம்பலம் முதலாளி நோயாளி பார்க்க ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு கையில் நெஸ்டமோல்ட் சத்துமா டின், மற்றக் கையில் மூட்டை. டின் புஷ்பவதிக்கு. மூட்டையும் புஷ்பவதிக்குத்தான்.

துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் படுக்கை விரிப்பையும் மாலுமிகளின் சட்டையையும் வெளுத்துக் கொடுக்கிற லோன்ட்ரி அவருடையது. புஷ்பவதி அங்கே துணி தேய்க்கிற அயன் மெசினில் நிற்பவள். கிழமையில் நாலு நாள், அதுவும் அரைநாள். கர்ப்பப்பையை எடுத்து மூன்று கிழமை ஆகிறது. ஆறு கிழமைக்கு வேலை என்ற பேச்சே கூடாதென்று டொக்டர் மெடிக்கல் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார். பாலையூற்று வீட்டில் உலை ஏறுவது அவள் சம்பளத்தில். படிக்கிற மகள் ஒருத்தி, கடலோடு போன புருஷன் ஒருத்தன். அவ்வளவுதான் குடும்பம்.

முதல் மூட்டை வந்த அன்று முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு, கண் கலங்கக் கலங்கக் கதைத்தார்.

"சும்மா படுத்திருந்தா விசர் பிடிக்கும், பிள்ளை. பொத்தான் விழுந்த சேட்டுகள் கொஞ்சம். பொழுது போகத் தைச்சு வையும். இது வேலையில்லை, ஒரு கையுதவி."

பார்க்க வந்த மனிதரின் முகத்தை முறிக்க ஏலுமா? தைத்தாள். நெஸ்டமோல்ட் குடித்த வாய் மறுக்குமா?

அரைநாள்காரருக்கும் சுகயீன லீவுச் சம்பளம் உண்டு என்பதைக் கண்டுபிடித்தவள் உம்மு குல்சும். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து அதே லோன்ட்ரியில் விரிப்பு மடிக்கிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"நியமனக் கடிதத்தை வாசிச்சுப் பாத்தியா புள்ள? அரைநாளுக்கு அரைநாள் கணக்கில தரணும் எண்டு இரிக்கு. கொழும்புப் பங்காளி அடிச்ச கடிதம். நம்மட ஆள் அதை வாசிக்காமலே கையெழுத்து வெச்சிரிக்காரு!"

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. லீவு நாளில் ஆள் வேலை செய்யவில்லை என்று முதலாளி படிவத்தில் எழுதிக் கையொப்பம் இடவேண்டும். தொழிலில் பங்குள்ள அந்தக் கொழும்புப் பங்காளி பாதி கொடுப்பார், மற்றப் பாதி முதலாளியின் பையிலிருந்து போகும்.

முதலாளி இரண்டாம் மூட்டையோடு வந்தபோது புஷ்பவதி படிவத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நிதானமாக வாசித்தார்.

"எப்பிடிப் பிள்ளை எழுதுறது? நீர் தைக்கிறீரெல்லே? வேலை செய்யேல்லை எண்டு பொய்த் தாளிலை கையெழுத்து வைக்க எனக்கு மனம் வருமோ?"

"அப்ப தைச்சதுக்குக் கூலி தாங்கோ, முதலாளி."

"கூலியோ! அது கையுதவியெல்லோ?"

லீவுச் சம்பளம் கேட்டால் அது வேலை. கூலி கேட்டால் அது உதவி. ஒரே பொத்தானுக்கு இரண்டு விலை வைத்து இரண்டிலும் லாபம் பார்க்கிற மனிதரைப் புஷ்பவதி அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தாள். தைக்காமல் விடவும் பயம். அரைநாள் ஆட்கள் கேட்டுத் திரிகிற ஊர் இது. தைத்தால் சம்பளம் போகும், தைக்காவிட்டால் மெசின் போகும். கட்டிலில் புரளவும் ஏலாது, வயிற்றில் தையல்.

மூன்றாம் மூட்டை வெள்ளிக்கிழமை வந்தது. நாற்பது சட்டை. அன்று அறை நிறைய அயல் பெண்கள், நடுவில் குல்சும். சபையைக் கண்டால் முதலாளிக்குக் குரல் ஏறும். கோயில் அன்னதானச் சபைத் தலைவர் அல்லவா? மூட்டையைக் கட்டில் காலடியில் மெல்லச் சரித்துவிட்டு, டின்னை மட்டும் எல்லோருக்கும் தெரியத் தூக்கி வைத்தார்.

"பாவம். மூண்டு கிழமையாப் பிள்ளை ஒரு துரும்பும் தூக்கேல்லை. நான் விடுவனோ? வேலை கிடக்கட்டும், உடம்பைப் பார் எண்டு சொல்லிப்போட்டன்."

"மனுசன் எண்டா இப்பிடி இருக்கவேணும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

புஷ்பவதியின் கை தலையணைக்கு அடியில் போய்ப் படிவத்தோடு வந்தது.

"அதையே இதிலை எழுதிவிடுங்கோ, முதலாளி. இப்ப சொன்னீங்களே, அந்தச் சொல்லு போதும்."

குல்சும் பேனையை ஏற்கனவே திறந்து வைத்திருந்தாள்.

முதலாளி பெண்களைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பேனையைப் பார்த்தார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை. எழுதிக் கையொப்பமும் வைத்தார். தேநீரும் குடிக்காமல் எழும்பிப் போனார். மூட்டையை மட்டும் மறந்துவிட்டார். மறந்தாரா என்பது வேறு கதை.

"இந்த மூட்டையத் தொட்டியோ, கைய முறிப்பன்" என்று சொல்லிவிட்டு, பங்காளிக்கு அனுப்பவென்று படிவத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு குல்சும் பஸ் பிடிக்கப் போனாள்.

பின்னேரம் நாலு மணிக்கு அழைப்பு வந்தது.

"எத்தினை முடிஞ்சுது, பிள்ளை? நாளைக்குக் கப்பல் வெளிக்கிடுது."

"ஒண்டும் தைக்கேல்லை, முதலாளி."

"ஏன்?"

"நான் வேலை செய்யேல்லை எண்டு நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். உங்கட தாளைப் பொய்த் தாளாக்க எனக்கு மனம் வருமோ?"

மறுபக்கத்தில் அவருக்குப் பின்னால் மெசின் இரைச்சல் கேட்டது. அவளுடைய மெசின். எந்த இரைச்சலிலும் அவளுக்கு அது தெரியும்.

"சரி, சரி. ஆறுதலா இரும், பிள்ளை. அவசரமில்லை."

ஃபோனை வைத்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது.

"அண்டைக்கு வேலை கேட்டு வந்த பெட்டையை நாளைக்கு வரச்சொல்லு. அயன் மெசின் பழக்குவம். பொத்தானும் தைப்பாள்."

புஷ்பவதி எழும்பப் பார்த்தாள். தையல் பிடித்து இழுத்தது, திரும்பச் சரிந்தாள். தலையணைக்கு அடியில் கையொப்பம் வைத்த படிவம், அதில் ஆறு கிழமைச் சம்பளம்; காலடியில் நாற்பது சட்டை. மெசினில் ஒரு பெண் கை பழக எத்தனை நாள் எடுக்கும் என்று யோசித்தாள். தான் பழகியது ஐந்து நாளில்.

படுக்கை இன்னும் மூன்று கிழமை.