பல்லுக்காரி கொடுத்த பாட்டுகள்

அந்தத் தெருவில் ஒருவர் இன்னொருவரிடம் ஒரு பாட்டைக் கேட்கச் சொல்லி, அவரும் அதைக் கேட்டுவிட்டால், சொன்னவரின் காதில் அந்தப் பாட்டு பிறகு விழாது. புத்தகத்துக்கும் இதே விதிதான்: வாங்கியவர் படிக்கப் படிக்க, கொடுத்தவரின் கண்ணுக்குப் பக்கங்கள் வெள்ளைத்தாளாகும், கதையும் நினைவிலிருந்து கழன்றுவிடும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை அறிந்திருப்பதுபோல் தெருவார் இதையும் அறிந்திருந்தனர். ஆகவே தமக்குப் பிடித்ததை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அங்கே அற்றுப்போயிருந்தது. மண்டைக்குள் ஓயாமல் சுற்றிய விளம்பரப் பாட்டை மைத்துனன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு. தேர்வு முடிந்த அன்றே கணக்குப் புத்தகத்தைத் தம்பிக்குச் சிபாரிசு செய்தவர்களும் உண்டு.

கண்ணாடிக்காரி கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிகளுக்கு வில்லை தேய்த்துப் பொருத்துபவள். அவளுக்கு நேர் மேலே, மாடியில், பல்செட் செய்பவள் பல்லுக்காரி. இருவருக்கும் நாற்பது கடந்திருந்தது. இருவர் வீட்டிலும் பூட்டைத் திறக்க அவரவரே போகவேண்டும். பகல் சாப்பாட்டை மட்டும் மாடியில், வாய்திறந்த சாந்துத் தாடைகளுக்கு நடுவே, பல வருடங்களாக ஒன்றாகச் சாப்பிட்டுவந்தனர். சாப்பிட்டு முடித்ததும் பல்லுக்காரி ஒரு பாட்டைச் சொல்வாள். கண்ணாடிக்காரி எப்போதாவது ஒரு புத்தகத்தை நீட்டுவாள்.

"நேத்துச் சொன்னதைக் கேட்டியாடி?"

"கேட்டேன். பரவாயில்ல."

"உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தா மாப்பிள்ளையையும் பரவாயில்லன்னுதான் சொல்லியிருப்ப."

"சொல்ற அளவுக்கு எவன் இருந்தான்?"

கண்ணாடிக்காரி கொடுத்தவை அலுத்துப்போன புத்தகங்கள். பாதியில் மூடியவையும் உண்டு. படித்துத் திரும்பி வந்தவை அவளுடைய அலமாரியில் வெள்ளைத்தாள் கட்டுகளாக நின்றன. ஒன்றுக்காகவும் அவள் வருந்தியதில்லை. வருந்தக்கூடிய ஒன்றே ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனியாகக் கலங்கரை விளக்கம் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவல் அது. வீட்டில் யாரும் அவளோடு பேசாதிருந்த ஒரு வருடம் முழுவதும் அதைத்தான் படித்தாள். பிரதி தாள்தாளாக உதிர்ந்தபோது இன்னொன்று வாங்கி இரண்டையும் வைத்திருந்தாள். பல்லுக்காரியும் எல்லாரையும்போல் வேண்டாததைத்தான் கழிக்கிறாள் என்பது அவள் எண்ணம். வேண்டாதவை எப்படி இத்தனை நன்றாக இருக்கின்றன என்று கேட்டிருக்கலாம்; பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

ஒருநாள் முற்பகலில், மேலேயிருந்து வரும் ரேடியோச் சத்தத்தில் சோதனைப் பலகையின் எழுத்துகள்கூட ஆடுவதாக வாடிக்கையாளர் ஒருவர் குறைசொன்னார். கண்ணாடிக்காரி படியேறினாள். பேச்சே இல்லாமல் பழைய பாட்டுகளை மட்டும் ஒலிபரப்பும் நிலையம் அலறிக்கொண்டிருந்தது. அதனருகே பல்லுக்காரி குனிந்து மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"காது போயிடுச்சாடி? தெரு முழுக்கக் கேக்குது."

பல்லுக்காரி நிமிர்ந்தாள். "ஓடுதா? ரிப்பேர்னு நெனச்சேன். ஏதாவது வருதான்னு கூட்டிவெச்சுப் பாத்தேன்."

"காலையிலேருந்து ஓடுது."

"அப்ப எல்லாமே உனக்குச் சொன்னதுதான்போல."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. ஒன்றையாவது வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "பிடிக்காததைச் சொல்றதுக்கு நீ எதுக்குடி? அதுக்குத்தான் தெருவே இருக்கே," என்றாள். பிறகு கத்தியைத் துடைத்தபடி, "நீயும் அப்படித்தானே. அந்தப் புத்தகமெல்லாம் உனக்கும் போயிருக்கும்ல?" என்றாள்.

"ஆமா," என்றாள் கண்ணாடிக்காரி.

அன்று மாலை அலமாரியைத் திறந்து அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். மறுநாள் நாவலின் நல்ல பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "படி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். உதிர்ந்த பிரதி வீட்டில் இருந்தது. சாயங்காலங்களில் அதை மடியில் வைத்துக்கொண்டால், மேலிருந்து கீழாக வரிகள் ஒவ்வொன்றாக வெளுப்பது தெரியும். முதலில் அவள் முந்திக்கொண்டு ஓடி, கடைசி அத்தியாயத்தை அவசரமாக விழுங்கப் பார்த்தாள். ஆனால் நடுப்பகுதி போனபின் முடிவு யாருடையது என்றே விளங்கவில்லை. ஆகவே திரும்பி வந்து, வெளுக்கும் இடத்துக்கு ஒரு வரி முன்னால், தோழியின் வேகத்திலேயே படித்தாள். பல்லுக்காரி ஓரிடத்தில் நின்றால் இவளும் நின்றாள். தோழி ஏன் நின்றாள் என்பது மட்டும் தெரியவில்லை. கடைசி வரியும் வெளுத்தபோது அவள் மடியில் கொஞ்சம் தாள் இருந்தது, அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டின்போது பல்லுக்காரி அந்தக் கதையைச் சொன்னாள். சொல்லும்போது இரண்டு இடங்களில் குரல் உடைந்தது. கண்ணாடிக்காரி வேறு யாரோ வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல் கேட்டாள். அந்தப் பெண் கடைசியில் கரைக்கு வருகிறாளா என்று விசாரித்தாள். அதன்பின், பல்லுக்காரி கேட்காமலேயே, அவள் முதன்முதலில் கொடுத்த பாட்டைப் பாடத் தொடங்கினாள். பல்லுக்காரியின் காதில் ஒன்றும் விழவில்லை. நோயாளிகளின் தாடையசைவை அளக்கிற பழக்கத்தில் இரண்டு விரல்களைத் தோழியின் தாடைக்கடியில் வைத்துக் கண்ணை மூடினாள். "இங்க ஏறுது," என்றாள். "இப்ப இறங்குது. மெதுவாப் பாடு." அந்தப் பாட்டில் சுருதி துளியும் சேரவில்லை என்பதை அவள் அறிய வழியில்லை. பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டு முடியும்வரை காத்திருக்கப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.