மாப்பிள்ளை பற்றவைத்த கம்பி

என் தங்கை பால்கனிக் கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, கீழே தெருவில் நின்ற என்னைப் பார்த்து, "அண்ணா, எப்படி இருக்கு உன் மாப்பிள்ளை வச்ச கம்பி?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு, நல்லாருக்கு. நீ முதல்ல உள்ள போ, வெயில்" என்றேன். வெயிலே இல்லை. அவள் இருந்தது மூன்றாவது மாடி.

நான் வெல்டர். கண் எரிந்து, கை பொசுங்கி, சட்டையெல்லாம் ஓட்டையாகிக் கற்ற தொழில். என் தங்கை புருஷன் ஜன்னல் திரை தைத்து விற்கிறவர். போன மாதம் எங்கிருந்தோ வயர் ஓடுகிற வெல்டிங் மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். அன்றைக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "இதுல என்ன மச்சான் பெரிய வித்தை இருக்கு? என் தையல் மிஷின் மாதிரிதான். நூலுக்குப் பதிலா கம்பி. அழுத்துனா ஒட்டிக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டியும் சிரித்தாள், அதுதான் சுருக்கென்றது. அந்த மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் கருவிக்கொண்டேன்.

மறுநாளே மிஷினைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார், "கத்துக் கொடுங்க மச்சான்" என்று. கற்றுக்கொடுத்தேன். வயர் சுற்றை மாட்டி, முனையை உருளைகளுக்கு நடுவே விட்டு, திருகை அளவாக இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் வயர் நசுங்கும், தளர்ந்தால் வழுக்கும். எர்த் கிளாம்ப் பெயிண்டைக் கவ்வக் கூடாது, சுரண்டிவிட்டு வெறும் இரும்பைக் கவ்வ வேண்டும். கரண்டும் வயர் ஓடும் வேகமும் ஒத்துப்போனால் எண்ணெய்ச்சட்டியில் பொரிகிற மாதிரி சீராகச் சத்தம் வரும். வேகம் கூடினால் வயர் இரும்பில் முட்டிக் கையைப் பின்னால் தள்ளும். எல்லாம் சொன்னேன். அவருக்குக் கை நன்றாகவே வந்தது. சொல்லப்போனால் அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார். "மச்சான், வீட்டுப் பால்கனிக்குக் கம்பி வைக்கணும். மேல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, பத்தவைக்கிற இடத்துல ஊதுற கேஸ் நிக்காதுல்ல? கேஸ் வேண்டாத வயர் ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுக்கட்டா?"

"தாராளமா போட்டுக்கங்க."

"அதுக்கு மிஷின்ல வேற எதுவும் மாத்தணுமா?"

"எதுக்கு மாப்ள? தையல் மிஷின்தானே" என்றேன்.

மாற்ற வேண்டும். அந்த வயர் போட்டால் மிஷினுக்குள் இருக்கிற கேபிள் இரண்டையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும், வயர் வெளியே வருகிற கைத்துப்பாக்கி மைனஸுக்கு, எர்த் ப்ளஸுக்கு. மாற்றாமல் அடித்தால் பொறி தாறுமாறாகத் தெறிக்கும், மேலே மொத்தை மொத்தையாக உட்காரும், உள்ளே பிடிக்காது. கண்றாவியாக வரும், அசடு வழிந்துகொண்டு திரும்பி வருவார், "என்ன மாப்ள, நூல் அறுந்துபோச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கலாம் என்று காத்திருந்தேன். என் மகா பெரிய திட்டம் அவ்வளவுதான். ஆள் வரவே இல்லை. மொத்தையை எல்லாம் கிரைண்டரால் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார். திரை தைக்கிறவருக்குக் கண்ணுக்கு லட்சணமாக முடிக்கவா தெரியாது?

மாடி ஏறினேன். என் பெண்டாட்டி முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நாளைக்கு என் மிஷினோடு வந்து, "இன்னும் கொஞ்சம் பலமா வைக்கலாம்" என்று நைசாகச் சரிசெய்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி யோசிக்கிற புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் யோசித்தேன், டீ ஆறுகிற வரைக்கும் யோசித்தேன்.

தங்கை துவைத்த போர்வையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். தண்ணீர் சொட்டுகிற கனத்த போர்வை. அதைக் கம்பிக்கு வெளியே வீசிப்போட வயிற்றால் கம்பியில் சாய்ந்தாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். "பைத்தியமா உனக்கு?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து கம்பியைப் பிடித்து உள்பக்கமாக ஓர் உலுக்கு உலுக்கினேன். ஒரு முனை இரும்புத் தூணிலிருந்து கையோடு வந்துவிட்டது. பிரிந்த இடம் வழவழவென்று இருந்தது. அந்த இரும்பு உருகியதற்கு அடையாளமே இல்லை.

தங்கை போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்ல வேளை, உங்க கண்ணுல பட்டுது" என்றாள் என் பெண்டாட்டி. "திரை தைக்கிறவருக்கு எதுக்கு இந்த விஷப்பரீட்சை?"

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. "எனக்குக் கை வராது மச்சான். நீங்க அவ்வளவு பொறுமையா சொல்லிக் கொடுத்தும் கோட்டை விட்டுட்டேன். நீங்க மட்டும் இன்னைக்கு வரலைன்னா..."

அந்தக் கையை உதறவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கூசியது.

"உங்க கையில ஒரு குறையும் இல்ல மாப்ள" என்றேன். "அந்த வயருக்குக் கேபிளை மாத்திப் போடணும். நீங்க கேட்டீங்க, நான் சொல்லல. மறந்துபோய் இல்ல. நீங்க அவமானப்படணும்னு வேணும்னேதான் சொல்லல."

என் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். நனைந்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்து நின்றாள்.

மாப்பிள்ளைதான் பேசினார். "மாத்தணும்னு மிஷின் மூடிக்குள்ள படமே போட்டிருந்துச்சு மச்சான். பார்த்துட்டு மாத்திக்கூட மாட்டிட்டேன். அப்புறம் யோசிச்சேன், மச்சான் மாத்த வேண்டாம்னாரே, அவருக்குத் தெரியாததா இந்தப் படத்துக்குத் தெரியப்போகுதுன்னு. திரும்பக் கழட்டிப் பழையபடியே போட்டுட்டேன்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தன் தப்பை ஒப்புக்கொள்கிறவர் போலத்தான் சொன்னார்.