இரண்டாம் தளத்தில் ஒரு நலம் விசாரிப்பு

எங்கள் பேஸ்பால் அணியின் மேலாளர் வெர்ன் டுலேனி, ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் நான்கு தளங்களில் இரண்டாவதை இருபது வருடம் காத்தவர். பந்தை வீச்சாளரிடம் கொடுத்துவிட்டதுபோல் நடித்து, கையுறைக்குள் ஒளித்துக்கொண்டு, தளத்தில் நிற்கும் எதிரணி ஓட்டக்காரனிடம் "உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பார். தளத்தின்மேல் நிற்கும்வரை அவனுக்கு ஆபத்தில்லை; உருகிப்போய் ஓரடி நகர்ந்ததும் பந்தால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார். இப்படிப் பதினேழு பேர். மேலாளரான பிறகு, அவரிடம் யாரும் நலம் விசாரிக்க முடியாது; பந்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்.

அன்று அயோவாவில் கடைசி ஆட்டம். தோற்றால் வெர்னுக்கு வேலை இல்லை என்று அணியின் முதலாளி சொல்லிவிட்டார். ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். எங்கள் கடைசி ஆள் மட்டையோடு நின்றான். நான் ஓட்டக்காரனாக இரண்டாம் தளத்தில். அங்கிருந்த எதிரணிக் காவலன் சும்மா கேட்டான்: "அம்மா நல்லாருக்காங்களாடா?"

மூன்றாம் தளத்தருகே நின்ற வெர்னுக்கு அது கேட்டுவிட்டது.

"டேய் டெரில், நகராதே! பந்து அவன்கிட்டதான் இருக்கு!"

"கோச், பந்தை இப்பத்தான் நம்மாளு அடிச்சான்!"

"அது வேற பந்துடா!"

நான் நகரவில்லை. பந்து வேலிவரை உருண்டது. அடித்தவன் தலைதெறிக்க ஓடிவந்து என் தளத்திலேயே என்மேல் முட்டி நின்றான். ஒரு தளத்தில் இருவருக்கு இடமில்லை. வேலியிலிருந்து திரும்பி வந்த பந்தால் காவலன் தொட்டதும் அவன் அவுட், ஆட்டம் முடிந்தது.

மறுநாள் காலை முதலாளி கையில் ஒரு உறையோடு வெர்னின் அறைக்கு வந்தார்.

"வெர்ன், உங்கம்மா எப்படி இருக்காங்க?"

வெர்ன் அந்த உறையைச் சந்தேகமாகப் பார்த்தார். நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, மதியம்வரை எழுந்திருக்கவே இல்லை.