பெயரில்லாத படர்தாமரை

இந்தோனேசியாவின் பஞ்சர்மாசின் நகர ஆய்வகத்தில் தோல் டாக்டர் மஸ்தியா வளர்த்த பூஞ்சை, தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. அதன் வித்துகள் கொக்கி போல வளைந்திருந்தன. மரபணுச் சோதனையும் அன்று உறுதிப்படுத்திவிட்டது: மனிதத் தோலில் இதுவரை யாரும் காணாத புது இனம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கணவர் உயிரோடு இல்லை. சுரபாயாவிலிருந்த மகன், "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று போனை வைத்துவிட்டான். படகு பிடித்து, அந்தப் பூஞ்சை யார் தோலிலிருந்து வந்ததோ அந்த நோயாளி அர்ஸானியிடமே போனாள்.

அவன் சதுப்பில் வாத்து வளர்ப்பவன். உடம்பெல்லாம் படர்தாமரை, எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை. தொழுநோய் என்று ஊர் ஒதுக்கியது. மனைவி மர்லியா மகளோடு தாய்வீடு போய்விட்டாள்.

"அர்ஸானி, இது புது இனம். உலகத்துலயே முதல்ல உங்ககிட்டதான் பார்த்திருக்கோம்."

தீவனம் கலக்கிய கை நின்றது. "வேற யாருக்குமே இல்லையா டாக்டரம்மா?"

"இதுவரைக்கும் இல்ல."

"எனக்கு மட்டுமா?"

அவன் கேட்ட விதத்தில் மஸ்தியாவின் சந்தோஷம் வடிந்துவிட்டது.

"வாத்துக் கொட்டகை மண்ணுலேருந்து வந்தது. மர்லியா, பொண்ணு, அக்கம்பக்கம் எல்லாரையும் சோதிச்சோம். யாருக்கும் ஒட்டல. எந்த மருந்துக்குக் கேக்கும்னும் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பூஞ்சைக்கு உங்க ஊர் பேரையே வைக்கலாம்னு இருக்கேன்."

"ஐயையோ! அப்புறம் இந்த ஊர்ல எவனும் பொண்ணு எடுக்க மாட்டான். வாத்துகூட விக்காது!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். விரால் மீனும் சோறும் போட்டு, தட்டை எட்ட இருந்தே தள்ளிவிட்டான். மஸ்தியா தட்டோடு நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வித்தின் வடிவத்தை வைத்தே பெயர் சூட்டினாள். மழைக்காலம் முடிவதற்குள் அவன் தோல் தெளிந்தது. மஸ்தியா மர்லியாவின் தாய்வீட்டுக்கே போய் எடுத்துச் சொன்னாள். மர்லியா தேநீர் கொடுத்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், வரவில்லை.

மறு வருடம் கம்போடியாவிலிருந்து ஒரு டாக்டர் அழைத்தார். அங்கே ஒரு விவசாயிக்கும் அதே பூஞ்சை. மஸ்தியா அன்றே படகேறினாள்.

"உங்களுக்கு மட்டும் இல்ல அர்ஸானி. இன்னொருத்தருக்கும் இருக்கு."

அவன் வாத்துகளுக்குத் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அவன்கூட அவன் பொண்டாட்டி இருக்காளாம்மா?"

"தெரியலையே."

"கேட்டுச் சொல்லுங்க."

மஸ்தியா அங்கேயே போனை எடுத்து, அந்த டாக்டருக்கு அதைக் கேட்டு எழுதினாள்.