காசிக்கும் கீரிமலைக்கும் ஒரே சிவன்

மூன்றாவது கரண்டிப் பாலும் அப்பாவின் கடைவாயால் வழிந்து தலையணையை நனைத்தது. கௌரி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"கொஞ்சம் விழுங்குங்கோ அப்பா."

"தம்பி பருக்கட்டும்," என்றார் நமசிவாயம். "அந்தா, வாசல்லை நிக்கிறான்."

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டின் வாசலில் ஒருவரும் இல்லை. பிற்பகல் வெயில் மட்டும் கிடந்தது.

எண்பத்துநான்கில் அவளுடைய தம்பி குலேந்திரனுக்குத் திருநீறு பூசி, இயக்கப் பயிற்சிக்கு இந்தியாவுக்குப் படகேற்றி அனுப்பியவர் அப்பாதான். "காசிக்கும் கீரிமலைக்கும் ஒரே சிவன். இந்து நாடு எங்களைக் கைவிடாது" என்பார். டெல்லி இயக்கத்துக்குத் துவக்கும் தோட்டாவும் கொடுத்தபோது சிவனே கொடுத்ததுபோலப் பூரித்துப்போனார். டெல்லிக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அதில் சிவன் எத்தனையாவதோ என்று கௌரிக்கு நாக்கு நுனிவரை வரும், அடக்கிக்கொள்வாள். போன ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் அதே இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டையில் குலேந்திரன் செத்துப்போனான். அவனுடைய சிநேகிதன் கௌரி வேலைசெய்யும் கந்தோருக்குக் கடிதம் போட்டிருந்தான். மூன்று மாதமாக அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. அப்பா இது தெரியாமல் கண்மூட வேண்டும். அதற்காகவே அத்தனை நாளும் சிரித்துத் திரிந்தாள்.

"ஏனடா போட்டிருக்கிற சேட்டெல்லாம் இரத்தம்?" அப்பா வாசலைப் பார்த்துக் கேட்டார். "ஆர் சுட்டது?"

கௌரியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் தலையைக்கூட ஆட்டினார்.

"திருநீறு பூசியிருந்தனியெல்லே? அவங்கள் பார்க்கேல்லையே?"

பதில் வந்திருக்க வேண்டும். அவருடைய முகம் மெல்லச் சுருங்கியது. கௌரியின் பக்கம் திரும்பினார்.

"நீ எனக்குச் சொல்லேல்லை, பிள்ளை."

அதோடு மூச்சு நின்றது. கௌரி அவருடைய கண்களை மூடிவிட்டு அப்படியே இருந்தாள். அழக்கூடப் பயமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மருந்து வாங்கப் போயிருந்த அம்மா, இரைக்க இரைக்க வாசலில் வந்து நின்றாள். நாலு வருசமாக அந்த முகத்தில் இல்லாத சந்தோசம்.

"தம்பி எப்பவடி வந்தவன்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கை போறான்? கூப்பிடக் கூப்பிட ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போகினம்."

கௌரி எழுந்துபோய் மருந்துப் போத்தலை வாங்கினாள். கட்டில் தெரியாதபடி குறுக்கே நின்றுகொண்டு, அம்மா இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.