துலோனுக்குப் போகும் படம்

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு மற்றவர்கள் விமானத்தில் போவார்கள். அந்துவான் வாத்தியாரின் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தவர்கள் படத்தின் வழியாகப் போவார்கள். அவர் புதிய பிரெஞ்சுப் படம் ஒன்றைத் திரையில் ஓடவிடுவார். படிப்பவர் உள்ளே ஏறிப்போய், அங்கிருப்பவர்களோடு சாப்பிட்டுப் பேசிப் பழகி, அந்தப் படம் பிரான்சில் எந்த ஊர்த் தியேட்டருக்குப் போகிறதோ அங்கே இறங்கிக்கொள்ள வேண்டும். சரிப்பட்டு வராதவர்களைப் படமே இடைவேளையில் திருப்பி அனுப்பிவிடும்.

ரெஜினாவை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. அவள் கணவன் சவரிநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில், துலோனில் இருந்தான். கல்யாணமான கையோடு போனவன். மூன்றாவது தடவையும் திரும்பினால் அப்புறம் வகுப்பில் இடமில்லை.

"பாஷையெல்லாம் நல்லாத்தாம்மா வருது," என்றார் அந்துவான். "எல்லாத்துக்கும் தலையாட்டுற பாரு, அதுதான் கெடுக்குது. அவங்க மேசையில எதிர்த்துப் பேசாத ஆளை மதிக்க மாட்டாங்க."

"சோறு போடுறவங்கள எப்படி முசியே எதிர்த்துப் பேசறது?"

அவர் படத்தைப் போட்டார். துலோன் தியேட்டர்க்காரர்கள் முன்கூட்டியே கேட்டுவைத்திருந்த படம். அதில் கணவன் மனைவியான கிளேரும் மத்தியேவும் பிரிவதென்று முடிவெடுத்து, சோபா யாருக்கு, நாய் யாருக்கு என்று சாப்பிட்டபடியே வாதாடுவார்கள்.

உள்ளே ஏறிப்போன ரெஜினாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நம்மூர்ப் பெண் யாரால்தான் முடியும்? கிளேரை அடுப்படிக்குக் கூட்டிப்போய்ப் பக்குவமாகப் பேசினாள். மத்தியேவைப் பால்கனியில் வைத்து நாலு வார்த்தை கேட்டாள். இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தாள். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றாகப் பாத்திரம் கழுவினார்கள்.

வெளியிலிருந்து அந்துவான் திரையைத் தட்டினார். "துலோன்ல வேணாம்னுட்டாங்கம்மா. சண்டை இல்லாத படத்த எவன் பார்ப்பான்?"

ரெஜினாவுக்குத் துக்கம் வந்தது. யாரோ இரண்டு பேரைச் சேர்த்துவைக்கப் போய், தன் புருஷனைக் கோட்டைவிட்டாயிற்று. துக்கத்தின் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. கிளேர் அன்பாக நீட்டிய பாலாடைக்கட்டியைத் தள்ளிவைத்தாள்.

"இதை மனுஷன் தின்பானா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மத்தியே நிமிர்ந்து உட்கார்ந்தான். முதன்முறையாக அவள் கோப்பையை நிரப்பினான். பேச்சு பாலாடைக்கட்டியிலிருந்து அவன் அம்மாவுக்குப் போய், அங்கிருந்து நாய்க்கு வந்தது. நாய் தனக்குத்தான் என்றாள் கிளேர். கிடையாது என்றாள் ரெஜினா. அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றான் மத்தியே. உனக்கும் கிடையாது என்றாள் ரெஜினா. தம்பதி மறுபடியும் பிரிந்தார்கள். போகிற போக்கில் கிளேர் அவளைக் கட்டிக்கொண்டு, "இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?" என்றாள்.

சண்டை திரும்பி வந்துவிட்டதால் துலோனில் படம் வெளியானது. முதல் வரிசையில் சவரிநாதன் சீருடையோடு உட்கார்ந்திருந்தான். ரெஜினா திரையிலிருந்து இறங்கி ஓடி அவன் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். அவனும் அழுதான்.

"ரொம்ப இளைச்சிட்ட," என்றான்.

"அப்படிச் சொல்ல முடியாது," என்று நிமிர்ந்தாள் ரெஜினா. ஏன் முடியாது என்று விளக்கத் தொடங்கினாள். அவன் மறுத்தான். அவள் விடவில்லை.

பார்வையாளர்கள் எழுந்து, நாற்காலிகளை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். திரையில் கிளேர் கீழே குனிந்து, முன்னால் இருப்பவர் தொப்பியைக் கழற்றினால் தனக்கும் தெரியும் என்றாள். அவர் கழற்றினார்.